இனி சாபுன்

டோபி காட் நிலையத்தில் ஊதா வழித்தடத்தில் இறங்கி மேலே வருவது, கையை வீசிக்கொண்டு வருகிறவனுக்கே ஒரு பாதயாத்திரை. ஒரு மின்படிக்கட்டு முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் நீண்ட நடைபாதை, அப்புறம் மறுபடியும் மின்படிக்கட்டு. அந்த வழியாக ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மச்சினன், நாற்பது லிட்டர் கொள்ளும் நீல பிளாஸ்டிக் டிரம் இரண்டைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு ஏறி வந்தான். மின்படிக்கட்டில் நிற்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், அவசரக்காரர்களுக்கு வலப்பக்கம் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். மச்சினன் நடுவில் நின்றான். இடப்பக்கம் ஒரு டிரம், வலப்பக்கம் ஒரு டிரம். அவனுக்குப் பின்னால் நாற்பது பேர் அலுவலக உடுப்பில், சத்தமில்லாமல் அவனைச் சபித்துக்கொண்டே மேலே வந்தார்கள்.

"மச்சான், ரெண்டும் சேர்த்து அஞ்சே வெள்ளி!" என்றான் என்னைக் கண்டதும்.

"என்னத்துக்கு மாப்ள?"

"தண்ணிக்கு."

பின்கதை இதுதான். மச்சினன் ஒரு ஜிம்னி வாங்கியிருந்தான். இந்த ஊரில் கார் வாங்குவதற்கு முன்னால் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். சிஓஇ என்று பெயர். பத்து வருடத்துக்குத்தான் செல்லும். அந்தக் காகிதம் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய நேரம் அது. அந்தப் பணத்துக்கு எங்கள் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கண்மாயும் அதற்குக் கீழே உள்ள நிலமும் வாங்கி, மிச்சத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம். சரி, வாங்கிவிட்டான். காடு மேடு ஏறுகிற வண்டி. ஏறத்தான் சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை. நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா 164 மீட்டர். அதன் உச்சிவரைக்கும் வழவழவென்று பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், பாட்டிமார் குடை பிடித்துக்கொண்டு காலாற ஏறுகிறார்கள். ஆக, சேறு வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குத்தான் போக வேண்டும்.

விசாக தினத்தை ஒட்டி நீண்ட வார இறுதி வந்தது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா என்று முடிவானது. மூன்று நாள், இரண்டு பேர். மச்சினன் ஆறு மாதமாக ஆஸ்திரேலியாக்காரர்கள் பாலைவனத்தில் வண்டி ஓட்டும் காணொளிகளைப் பார்த்து உருவேறிப் போயிருந்தான். அதில் தாடி வைத்த ஒருவர், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர், மூன்று நாள், அறுபது லிட்டர். ஆபத்துக்கு இருபது. மொத்தம் எண்பது.

"மாப்ள, அது பாலைவனம்."

"தண்ணி விஷயத்துல ரிஸ்க் எடுக்கக் கூடாது மச்சான். கேனிங் ஸ்டாக் ரூட் தெரியுமா? ஆயிரத்து எண்ணூத்தம்பது கிலோமீட்டர். தண்ணி இல்லேன்னா செத்தோம்."

அவன் 'கேனிங்' என்று சொன்னபோது என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஃபோர்ட் கேனிங் மலை பச்சைப்பசேலென்று மழையில் நனைந்துகொண்டிருந்தது. இரண்டும் வேறு வேறு கேனிங். மலைக்குப் பெயர் கொடுத்தவர் இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த பிரபு. ஆஸ்திரேலிய வழித்தடத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஆல்ஃபிரட் கேனிங் என்ற நில அளவையாளர். மாட்டு மந்தைகளை ஓட்டிப்போக 1908 முதல் 1910 வரை பாலைவனத்தில் வரிசையாகக் கிணறு வெட்டியவர். எங்கே வெட்டினால் தண்ணீர் வரும் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குத் தெரியும். ஆகவே அவர்களைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி, ஊற்றைக் காட்டச் சொன்னார்கள். அதை விசாரிக்க ஒரு ராயல் கமிஷனே போட்டு, கடைசியில் கேனிங் மேல் தவறில்லை என்று அனுப்பிவைத்தார்கள். தாடிக்காரர் காணொளியில் இதெல்லாம் வராது. வண்டிக்கு என்ன டயர் என்பதுதான் வரும்.

நம் கேனிங் மலையிலும் ஒரு தண்ணீர்க் கதை உண்டு. பழைய மலாய் அரசர்கள் காலத்தில் மலையின் மேற்குச் சரிவில் அரண்மனைப் பெண்கள் குளிக்கிற ஊற்று ஒன்று இருந்ததாம். மற்றவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆங்கிலேயர் வந்த புதிதில் துறைமுகத்துக் கப்பல்களுக்குத் தண்ணீர் அந்த ஊற்றிலிருந்துதான் போனது. பிறகு கோட்டை வந்தது, கோட்டையை இடித்துவிட்டு உச்சியில் மூடிய நீர்த்தேக்கம் வந்தது. மலையடிவாரத்தில் ஓடிய பிராஸ் பாசா ஓடையில்தான் இந்தியாவிலிருந்து வந்த சலவைக்காரர்கள் துணி துவைத்தார்கள். இன்று ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கிற பக்கத்தில் புல்வெளியில் காயப்போட்டார்கள். டோபி காட் என்ற பெயர் அப்படி வந்தது. ஓடை இப்போது ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆகிவிட்டது. பெரும்பகுதி தரைக்கு அடியில் அடக்கமாக ஓடுகிறது, 2010 ஜூனில் ஒரு காலை நேரத்தில் ஆர்ச்சர்ட் சாலை மேல் ஏறி வந்து விலையுயர்ந்த கைப்பைக் கடைகளை எட்டிப் பார்த்ததைத் தவிர.

நிலையப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன வருத்தம். சீனத்தில் ஒலியையும் பிடித்து, 'பல அழகிய பாடல்' என்று பொருளும் வரும்படி மூன்று எழுத்தைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். வண்ணாந்துறை என்று அருமையான சொல்லைக் கையில் வைத்திருக்கிற நாம் மட்டும் 'டோபி காட்' என்று இந்தியை எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறோம். யாரோ டோபியைக் காட்டச் சொல்வது போல இருக்கிறது.

காட்டச் சொன்னது நல்லதுதான் என்று பிற்பாடு பட்டது.

"டிரம் எங்க வாங்கின?"

"நம்ம பிளாக்குக்குக் கீழ ஒரு லாண்டரி. அங்கிள் குடுத்தாரு."

"முன்னால என்ன இருந்துச்சு?"

"ஏதோ லிக்விட் மச்சான். கழுவிட்டா ஒண்ணுமில்ல."

நான் ஒரு டிரம்மின் மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். லவெண்டர். சிங்கப்பூரில் லவெண்டர் என்றால் முதலில் ஒரு ரயில் நிலையம், அப்புறம்தான் பூ. லவெண்டர் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு கிண்டல்; அந்தக் காலத்தில் அங்கிருந்த காய்கறித் தோட்டங்களுக்கு மலத்தை உரமாகக் கொட்டியதில் தெருவே நாறியதாம், அதனால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசனைப் பெயராக வைத்தார்கள். பெயரும் வாசனையும் ஒத்துப்போன முதல் லவெண்டரை நான் அன்றைக்குத்தான் முகர்ந்தேன்.

மச்சினன் கழுவினான். அதில் குறை சொல்ல முடியாது. ஆறு முறை தண்ணீர் விட்டு அலசினான். வினிகர் ஊற்றி ஒரு இரவு வைத்தான். சமையல் சோடா போட்டுக் குலுக்கினான். என் மனைவியின் தம்பி என்பதால், என் வீட்டுக் குளியலறையில்தான் இவ்வளவும் நடந்தது. டிரம்மின் அடியில் முக்கோணத்துக்குள் '2' என்று எண் போட்டிருப்பதைக் காட்டி, "ஹெச்டிபிஇ மச்சான், சாப்பாட்டுப் பொருள் வைக்கிற பிளாஸ்டிக்" என்றான். அது சரிதான். பால் கேனும் அதே பிளாஸ்டிக்தான். ஆனால் அந்த எண் பிளாஸ்டிக்கின் சாதியைச் சொல்லுமே ஒழிய, அது முன்பு யாரோடு குடித்தனம் நடத்தியது என்று சொல்லாது. நறுமண எண்ணெய் பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே ஊறிப்போய்விடும். நாம் கழுவுவது தோலை மட்டும். வெயிலில் சூடானால் உள்ளே ஒளிந்திருந்தது மெல்ல வெளியே வரும். ஜெர்மன்காரர்கள் இரண்டாம் உலகப்போரில் தண்ணீர் கேன் மேல் வெள்ளையில் பெரிய சிலுவை வரைந்து வைத்தார்கள், பெட்ரோல் கேனோடு கலந்துவிடக் கூடாதென்று. பாலைவனத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போதுகூட எது எதற்கான கேன் என்பதில் அவர்கள் உஷாராக இருந்தார்கள். நாங்கள் வீவக வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊதாப்பூப் படம் போட்ட ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்தோம்.

"போற வழியில குளுவாங்ல பிடிச்சுக்கலாமே?" என்று கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன்.

"வெளியூர்த் தண்ணி ஒத்துக்காது மச்சான்."

இதைச் சொன்னவன் பத்தாவது படிக்கிற வரைக்கும் ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். ஊருணி வற்றினால் குண்டாற்று மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக் குடித்தவன். கலங்கலாக இருந்தால் அவன் அப்பத்தா தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கத்தில் தேய்த்துவிடும். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். அதைக் குடித்த வயிற்றுக்கு இப்போது குளுவாங் குழாய்த் தண்ணீர் ஒத்துக்காதாம்.

"தண்ணியத் தூக்கிட்டுப் போறது நம்ம ரத்தத்துலயே இருக்கு மச்சான்" என்று அவனே ஒரு போடு போட்டான். அதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. 2019 ஜூலையில் சென்னை வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் கொண்டுபோனவர்கள் நாம். இந்த ஊரில்கூட, குழாய் வருவதற்கு முன்னால் சைனாடவுனுக்குத் தண்ணீர் மாட்டுவண்டியில்தான் போனது. அந்த வட்டாரத்துக்கு மலாயில் கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி என்றுதான் இன்றும் பெயர். சீனர்கள் இன்னும் துல்லியமாக, 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்கிறார்கள். 

அந்த மாட்டுவண்டித் தண்ணீருக்கு ஒரு முடிவு கட்டத்தான் 1857-ல் டான் கிம் செங் என்ற பெரும் வணிகர் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி கொடுத்தார். திட்டம் போட்டார்கள், தப்பாகப் போட்டார்கள், திருத்தினார்கள், பணம் கரைந்தது. நீர்த்தேக்கம் 1868-ல் கட்டி முடிந்தது. பம்பும் குழாயும் வந்து சேர இன்னும் பத்து வருடம் பிடித்தது. கொடுத்தவர் 1864-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மனசு உறுத்தியதோ என்னவோ, 1882-ல் அவர் பெயரில் ஒரு அழகான நீரூற்றுத்தூண் வைத்தார்கள். இன்று எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. தண்ணீர் கேட்டவருக்கு ஃபவுண்டன் கொடுத்த ஊர் என்பதால் எனக்கு அந்தத் தூணைப் பிடிக்கும்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். ஒரு டிரம் வண்டிக்குள், பின் இருக்கையை மடித்து. இன்னொன்று கூரை மேல். கூரையில் எதற்கு என்றால், வெயிலில் சூடாகி, குழாய் வைத்துத் திறந்துவிட்டால் வெந்நீர்க் குளியலாம். தாடிக்காரர் அப்படித்தான் குளிக்கிறார். தண்ணீருக்கு ஒரு நேர்மை உண்டு, ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. நாற்பது லிட்டர் என்றால் கூரை மேல் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கனமான சாமானைத் தாழ்வாக, இரண்டு அச்சுக்கும் நடுவில் வைக்க வேண்டும் என்பது லோடு ஏற்றுகிற எவருக்கும் தெரியும். ஜிம்னியோ அகலத்தில் ஒல்லி, உயரத்தில் நெட்டை. அதன் தலையில் இந்தப் பையன் வேறு.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு, சிங்கப்பூர் வண்டிகள் காலி டேங்கோடு போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடும் என்பதால் 1989-ல் அரை டேங்க் என்று ஆரம்பித்து, 1991-ல் முக்கால் ஆக்கிவிட்டார்கள். தண்ணீருக்கு அப்படி ஒரு விதி இல்லை. இருந்திருந்தால் தேசத்திலேயே முதல் மார்க் எங்களுக்குத்தான்.

பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். நின்ற இடத்திலேயே நின்றோம். அப்போதுதான் சாலையை ஒட்டி ஓடுகிற அந்தக் குண்டுக் குழாய்களைப் பார்த்தேன். ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் அதில்தான் சிங்கப்பூருக்கு வருகிறது. 1962 ஒப்பந்தப்படி நாளைக்கு 25 கோடி கேலன் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், 2061 வரை. விலை ஆயிரம் கேலனுக்கு மூன்று சென். அதில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து ஜொகூருக்கே ஆயிரம் கேலன் ஐம்பது சென் என்று திருப்பிக் கொடுப்பதும் உண்டு. இரண்டு அரசாங்கங்கள் பல வருடமாக இந்த மூன்று சென்னைப் பற்றி விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கின்றன.

நான் கணக்குப்பிள்ளை. சும்மா இருக்க முடியுமா? எண்பது லிட்டர் என்றால் பதினேழரை கேலன் சொச்சம். மூன்று சென் விலைப்படி போட்டால், எங்கள் இரண்டு டிரம் தண்ணீரின் கொள்முதல் விலை ஒரு சென்னில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சிங்கப்பூர்க் குழாயில் மழைத்தண்ணீர், ஜொகூர்த் தண்ணீர், சுத்திகரித்த நியூவாட்டர், உப்பு நீக்கிய கடல் தண்ணீர் என்று நாலும் சேர்ந்துதான் வருகிறது. இன்னது இன்னதுதான் என்று சொட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், ஜொகூர்க் காட்டில் பெய்து, ஆற்றில் ஓடி, இந்தக் குழாயில் தெற்கே வந்து, என் வீட்டுக் குளியலறையில் லவெண்டர் பூசிக்கொண்டு, அதே பாலத்தில் அதே குழாய்க்குப் பக்கத்தில், ஒரு லட்சம் வெள்ளிக் காகிதம் ஒட்டிய வண்டியில் கூரை மேல் ஏறி வடக்கே ஜொகூர்க் காட்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது தண்ணீர். மச்சினனிடம் இதைச் சொன்னேன்.

"பெட்ரோல் டேங்க் முக்கால் இருக்குல்ல, அது போதும்" என்றான்.

ஆயர் ஹீத்தாம் தாண்டினோம். பெயருக்குக் கருந்தண்ணீர் என்று அர்த்தம். இந்த நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆயர், ஒரு சுங்கை. நாங்கள் போகிற பூங்காவுக்கே எண்டாவ், ரொம்பின் என்ற இரண்டு ஆறுகளின் பெயரைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குளுவாங் ரயில் நிலையத்துக் கடையில் கோப்பியும் ரொட்டியும் பசியாறினோம். அந்தக் கோப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு நாளைக்கு நான் அதை நினைத்துக்கொண்டுதான் உயிர் வாழ்ந்தேன்.

கஹாங் பக்கம் தார்ச் சாலையை விட்டுத் திரும்பினோம். அங்கிருந்து கம்போங் பெத்தா என்ற பூர்வகுடிக் கிராமம் வரைக்கும் 56 கிலோமீட்டர் மண்சாலை, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே. மச்சினன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. முதல் பதினைந்து நிமிடத்தில், உள்ளே இருந்த டிரம்மின் மூடி சரியாக இறுகவில்லை என்பதை என் முதுகு கண்டுபிடித்தது. பத்து லிட்டர் போல என் சட்டை வழியாக இருக்கைக்குள் போயிருந்தது. கூரை டிரம்மில் அதிகாலையிலேயே, "டெஸ்ட் பண்ணுறேன்" என்று ஷவர் குழாயைத் திறந்து கார்நிறுத்தத்தில் பாதியைக் கொட்டியிருந்தான். ஆக, இரண்டும் குறைகுடம்.

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று எங்கள் தமிழய்யா அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார். அது அடக்கத்தைப் பற்றியதே இல்லை. ஜீப்பின் கூரையைப் பற்றியது. நிறைந்த டிரம் கல் மாதிரி கிடக்கும். காலி டிரம்மில் ஒன்றும் இல்லை. பாதி டிரம்மில்தான் தண்ணீருக்கு ஓட இடம் இருக்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் ஒரு நொடி தாமதித்து இடப்பக்கம் பாய்கிறது. நாம் நிமிர்த்தும்போது அது இன்னும் இடப்பக்கமே இருக்கிறது. நாம் நிமிர்ந்த பிறகு வலப்பக்கம் வந்து முட்டுகிறது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், திருப்பத்தில் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கும் என்பார்கள். அதற்காகத்தான் டேங்கருக்குள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை வைக்கிறார்கள்.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு தள்ளுவண்டி இருந்தது. ராமநாதபுரம் ஜில்லாவில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். இரும்புச் சட்டம், சின்னச் சக்கரங்கள், குடம் உட்காருகிற மாதிரி வரிசையாக வளையம். எட்டுக் குடம் பிடிக்கும். எங்கள் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர் என்பதால், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் நல்ல தண்ணீர் பிடித்து வருவார். வரும் வழி ஒற்றையடிக்குக் கொஞ்சம் மேல், சாலைக்கு ரொம்பக் கீழ். ஒவ்வொரு குடத்தின் வாயிலும் ஒரு வேப்பங்குழையைச் சொருகி வைப்பார். இலைகள் தண்ணீரின் மேல் படர்ந்து கிடக்கும், அலை எழும்பாது. வீட்டு வாசலில் வந்து குழையை உருவி, ஒட்டியிருக்கிற தண்ணீரைக்கூடக் குடத்துக்குள்ளேயே ஒரு உதறு உதறிவிட்டுத்தான் கீழே போடுவார். அந்த உதறல் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டு கிலோமீட்டரில் எட்டுக் குடத்திலிருந்து ஒரு டம்ளர்கூடச் சிந்தியிருக்காது. அப்பத்தாவுக்கு நாலு சக்கர வண்டி தெரியாது, தாடிக்காரரைத் தெரியாது.

"வண்டிய நிறுத்து மாப்ள, ஒரு குழை ஒடிச்சுப் போடுவோம்."

"இது செம்பனத் தோட்டம் மச்சான். வேம்பு எங்க இருக்கு?"

செம்பனை மட்டையை டிரம்முக்குள் நுழைக்கப் பார்த்தோம். முள் குத்தியது. ஆட்டத்தோடேயே போய்ச் சேர்ந்தோம்.

கம்போங் பெத்தாவில் எங்களுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். ஜக்கூன் இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு சின்னப் பை, கையில் ஒரு பாராங் கத்தி. தண்ணீர் பாட்டில்கூட இல்லை. எங்கள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார், கூரையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாகரிகமான மனிதர்.

முகாம் போட்டதும் மச்சினன் பெருமையாக அடுப்பை மூட்டி, கூரை டிரம்மிலிருந்து தண்ணீர் பிடித்துத் தேயிலை போட்டான். கொதித்தது. பால் பவுடரைக் கலந்து கோப்பையில் ஊற்றினான். மேலே இரண்டு விரல் கனத்துக்கு அழகாக நுரை நின்றது.

"பாத்தியா மச்சான், தே தாரிக் மாதிரி! ஆத்தவே இல்ல, தானா நுரைக்குது!"

நான்தான் முதலில் குடித்தேன். மூத்தவன் என்ற மரியாதை. அந்தச் சுவையை விவரிப்பது கஷ்டம். புதிதாக வெளுத்த தலையணை உறையை இஞ்சி ஏலக்காயோடு மென்றால் கிட்டத்தட்ட வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சோப்பு சாகாது. மச்சினன் ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கு ஆற்றுப்பக்கமும் மனசு காணொளிப்பக்கமும் இழுக்க, "கொஞ்சம் ஃபிளேவர் இருக்கு" என்றான். வழிகாட்டி தன் கோப்பையை முகர்ந்தார், விரலால் நுரையைத் தொட்டார், தேய்த்துப் பார்த்தார்.

"என்சிக், இனி சாபுன்."

மலாயில் 'இனி' என்றால் 'இது'. ஐயா, இது சோப்பு என்றார் மனிதர். பதற்றத்தில் என் காதுக்கு அது தமிழாகத்தான் விழுந்தது. இனி சாபுன். இனிமேல் மூன்று நாளைக்குச் சாபுன்தான்.

என் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் பையில் திணித்து வைத்திருந்த ஒன்றரை லிட்டர் பாட்டில் மூன்று அப்போதுதான் கிடைத்தது. அதை மேகி நூடுல்ஸுக்கும் பல் துலக்கவும் பங்கு போட்டோம். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சலாம் என்றால், மாலை நாலு மணிக்கு வானம் கறுத்து, இடி இறங்கி, மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் ஆறு தே தாரிக் நிறத்துக்கு வந்துவிட்டது. தேத்தாங்கொட்டை இருந்தால் தெளிய வைத்திருக்கலாம். தாடிக்காரர் பட்டியலில் அது இல்லை.

நாங்கள் தார்ப்பாயின் கீழே குந்தியிருந்தோம். மச்சினன் அதை வெகு சிரத்தையாக, ஒரு சொட்டும் எங்கள் பக்கம் வராதபடி பின்பக்கம் சரித்துக் கட்டியிருந்தான். தார்ப்பாயின் பின்விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு மாதிரி விழுந்து மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தாகத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கடைசியில் வழிகாட்டி எழுந்து போய், எங்கள் சோற்றுப் பானையை எடுத்து அந்தக் கயிற்றின் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பேசி முடிப்பதற்குள் பானை நிறைந்தது. எனக்குக் கணக்கு மறுபடி எழுந்துகொண்டது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் தார்ப்பாய் இரண்டுக்கு மூன்று, ஆறு சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தாலே அறுபது லிட்டர், தாடிக்காரர் சொன்ன அளவு. அன்றைக்குப் பெய்தது பத்து மில்லிமீட்டரில் நிற்கிற மழை இல்லை. கேன், டிரம், மூடி, குழாய் எல்லாம் தேடி அலைந்த ஆளுக்கு வேண்டியிருந்தது ஒரு பானையும் ஒரு சரிவும்.

"இப்ப அந்த டிரம்ம கீழ கொட்டிட்டு மழைத்தண்ணி பிடிச்சுக்கலாம் மச்சான்" என்று மச்சினன் மூடியைத் திருகப் போனான். வழிகாட்டி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். இங்கே ஊற்றக் கூடாது. மண்ணில் ஊற்றினாலும் மழையோடு ஆற்றுக்குப் போகும். ஆற்றில் மீன் இருக்கிறது, கீழே எங்கள் வீடு இருக்கிறது. கொண்டுவந்தவர்களே கொண்டுபோங்கள். நியாயம்தான். மூன்று நாள் மழைத்தண்ணீரில் சமைத்து, மழைத்தண்ணீரைக் குடித்து, உப்பே குலிங் அருவிக்குக் கீழே பாறைக்குழிகளில் குளித்துவிட்டு, ஐம்பது லிட்டர் லவெண்டரை அதே கூத்தோடு அதே 56 கிலோமீட்டர் திரும்பச் சுமந்து வந்தோம்.

திங்கள் இரவு சிங்கப்பூர்ச் சாவடியில் ஒரு இளம் அதிகாரி டிரம்மைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்ன?"

"தண்ணீர்."

"மலேசியாவிலிருந்து எதற்குத் தண்ணீர்?"

"இது சிங்கப்பூர்த் தண்ணீர்."

"அங்கே எதற்குக் கொண்டு போனீர்கள்?"

"குடிக்க."

அவர் டிரம்மைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், மூடியைத் திறக்கச் சொன்னார். வாசனை வந்தது. ஒன்றும் சொல்லாமல் கையசைத்து அனுப்பிவிட்டார். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடிக்கக்கூட மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிளாக்கின் பல மாடிக் கார்நிறுத்தத்தில் வண்டி கழுவ ஒரு இடம் உண்டு. இரவு பதினொரு மணிக்கு அங்கே நிறுத்தி, முதலில் ஜிம்னியைக் குளிப்பாட்டினோம். பத்து லிட்டரில் பளபளவென்று ஆகிவிட்டது. அப்புறம் மச்சினன், சேறு காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்த கால்சட்டைகள், சட்டைகள், சாரம், தார்ப்பாய் எல்லாவற்றையும் வாளியில் திணித்து டிரம்மைக் கவிழ்த்தான். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் மிதித்தேன். நுரை முட்டி வரை வந்தது. துணியை எடுத்துச் சிமெண்ட் திண்டில் ஓங்கி ஓங்கி அடித்தேன். மூன்று நாள் சேறு ஒரு சொட்டுச் சோப்பு வாங்காமல் போயே போய்விட்டது.

மச்சினன் காலி டிரம்மை முகர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னான்: "நம்ம கணக்குல ஒரே தப்பு மச்சான். அடுத்த தடவ அறுபது லிட்டரே போதும்."